தில்லைநாதன் வெளிப்பட்ட ஊற்றுகள்

சுவிசின் ஃப்ரிபூர்க்கில் இறந்து, அங்கேயே எரிக்கப்பட்டு, பிரான்சு நாட்டின் டூ ஆற்றில் சாம்பலாகக் கரைக்கப்பட்ட தில்லைநாதன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் லூ ஆறு பிறக்கும் குகையின் வாசலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பாடன் ஊரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போயிருந்த யோகராஜா குடும்பத்தினர் அவரைக் கண்டார்கள். யோகராஜா கண்டதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லும் ஆள் இல்லை. கண்டவுடன் கையசைத்தார், தில்லைநாதன் தலையை ஆட்டினார், அவர்கள் கொண்டுபோன கட்லட்டைச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். பாதி வழியில்தான் இணையத்தில் பார்த்த மரண அறிவித்தல் யோகராஜாவின் மனைவிக்கு நினைவு வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, பேர்ன் நகரின் பூம்ப்ளிசில் இருக்கும் தில்லைநாதனின் அண்ணன் சிவானந்தராசாவுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. தில்லை அண்ணை மோசம் போயிட்டார் எண்டு கேள்விப்பட்டம். இப்ப ஆளைக் கண்டிட்டு வாறம். வெறும் பெனியனோடை தண்ணிக்கை நிக்கிறார். தடிமன் பிடிக்கப்போகுது."

"அது வேறை ஆரோ," என்றார் சிவானந்தராசா. "எங்கட குடும்பத்திலை ஒருத்தரும் பெனியனோடை வெளியிலை நிக்கிறேல்லை."

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் கதிரையில் இருந்தார். அவருடைய முதுகு கதிரையில் சாய்வதில்லை, அன்றும் சாயவில்லை. தம்பியைப் பெட்டியில் வைத்தபோது கோட்டுக்கும் சட்டைக்கும் உள்ளே, வெளியே யாருக்கும் தெரியாமல், புதுப் பெனியன் ஒன்றைப் போட்டுவிட்டவர் அவர்தான்.

இந்தக் குடும்பம் கொடிகாமத்தில் பெயரோடு இருந்த குடும்பம். சிவானந்தராசா எண்பதுகளில் தனியாக வந்து, பேர்னில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்து, தம்பியைக் கூப்பிட்டு, அவருக்கு ஞானேஸ்வரியைப் பேசிக் கட்டிவைத்து, பிறந்த ஒரே பிள்ளைக்கு நிருசன் என்று பெயரும் வைத்தவர். பிள்ளை எந்தத் தொழில் படிப்பது என்பது வரை அவர் வாய் திறக்காமல் அந்த வீட்டில் ஒன்றும் நடந்ததில்லை. ஆகவே ஆடி மாதத்தில் தில்லைநாதன் மாரடைப்பில் விழுந்து இறந்தபோது, சாம்பலை எங்கே கரைப்பது என்பதையும் அவரே தீர்மானித்தார். வீட்டுக்குக் கீழேயே ஓடும் சானே ஆற்றில் கரைக்கலாம் என்றான் நிருசன். அந்த ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கிறார்கள் என்பது சிவானந்தராசாவுக்குத் தெரியும். "என்ரை தம்பியை மிஷினுக்கை விட்டு அரைக்கிறதோ?" என்று கேட்டு அந்தக் கதையை முடித்தார். அவர் சொல்லாத காரணம் வேறு. அதே ஊர்க்காரரான குகதாசன் முந்தைய வருடம் தன் தகப்பனின் சாம்பலைக் காசிக்குக் கொண்டுபோய்க் கரைத்து, அதை வீடியோ எடுத்து, முப்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டின்போது மண்டபச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டியிருந்தார். காசிக்குப் போக நிருசனுக்கு லீவு இல்லை. சானே ஆறு என்றால் சபையில் சொல்ல நா எழாது. வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது எல்லைக்கு அப்பால் டூ ஆறு நீளமாக வளைந்து வளைந்து ஓடி, வேறு ஆறுகளோடு கூடிக் கடலில் விழுவது தெரிந்தது. நம்மவர் யாரையும் அதில் கரைத்ததாகக் கேள்வியில்லை. பிரான்சில் கரைத்தோம் என்ற வசனத்தை அவர் அப்போதே தயார் செய்துவிட்டார்.

அது மழை பொய்த்த கோடை. பொந்தார்லியே ஊருக்குக் கீழே, சிவப்பும் வெள்ளையுமான மாடுகள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நிருசன் வேட்டியோடு ஆற்றில் இறங்கி மண்சட்டியைக் கவிழ்த்தான். சாம்பல் கொஞ்சத் தூரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு நடு ஆற்றில் தயங்கி நின்றது. பிறகு இடப்பக்கம் திரும்பி, கரைப்பாறையின் கீழே இருந்த வெடிப்பு ஒன்றுக்குள், பாம்பு புற்றுக்குள் போவதுபோல, நீளமாக நுழைந்து மறைந்தது. அதோடு தண்ணீரும் போய்விட்டது. வெடிப்புக்கு அப்பால் ஆறு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் கற்கள் மட்டும் காய்ந்து கிடந்தன.

"அத்தான், அங்காலை ஆறு இல்லை," என்றாள் ஞானேஸ்வரி, கணவரின் அண்ணனைப் பார்த்து.

சிவானந்தராசாவும் பார்த்தார். வேறொரு இடம் தேடுவதென்றால், சட்டியில் இன்னும் ஒரு பிடி சாம்பல் மிச்சம் இருந்தது. ஆனால் இடத்தைத் தெரிந்தெடுத்தவர் அவர். "ஆறெண்டா அப்பிடி இப்பிடித்தான் போகும். கழுவி ஊத்திப்போட்டுத் திரும்பிப் பாராமல் நடவுங்கோ," என்றார். கரைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். அன்று அந்த வழக்கம் அவருக்கு நல்ல உதவியாக இருந்தது.

சட்டியைக் கழுவிய கணத்தில் நிருசனின் வலது கை மூடிக்கொண்டது. குளிர்த் தண்ணீரில் நரம்பு இழுத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். கை அன்று திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை. விரல் இடுக்குகளால் தண்ணீர் கசிந்தது. அதிகம் இல்லை, கிணற்றுக் கப்பியிலிருந்து சொட்டும் அளவுதான், ஆனால் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். கைக்குள் ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டு பேர் சேர்ந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தும் முடியவில்லை. மன அழுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நிருசனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மின்சாரப் பெட்டிக்குள் தண்ணீர் சொட்டும் கையை விட முடியாது என்று மேலாளர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். விரல்களில் தொடங்கிய குளிர் மணிக்கட்டுக்கு ஏறியது. ஏறிய இடம் மரத்து, மீன் வயிற்றின் நிறத்துக்கு வெளுத்தது. அப்பா பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நிருசன் வெறுமனே சொன்னான். அப்படி ஒரு வசனம் இனி இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்றார் பெரியப்பா. பேர்னுக்குத் திரும்பும் ரயிலில் அவர் தன் இரு கைகளையும் மடியில் விரித்து வைத்து, ஊர் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

யோகராஜாவின் தொலைபேசி வந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை செய்பவள் என்பதால் ஞானேஸ்வரி எந்த வழியிலும் கார் ஓட்டுவாள். நுசத்தெல் ஏரியைச் சுற்றி, மலைப் பள்ளத்தாக்கால் ஏறி, எல்லையைக் கடந்தார்கள். அந்த நாடு முதலில் ஒன்றும் மறைக்காத நாடுபோலத் தெரியும். மேட்டு நிலம், பச்சைப் புல், கல் மதில், மாடு, தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரத் தகரம். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வீதி கீழே விழும். அப்படி விழுந்த ஒரு பள்ளத்தின் அடியில், வளைந்த பெரிய பாறைச் சுவர் ஒன்றின் வாயிலிருந்து லூ ஆறு முழு ஆறாகவே வெளியே வருகிறது. ஊற்று என்றால் சொட்டுச் சொட்டாகத் தொடங்கும் என்று நினைத்திருந்த சிவானந்தராசா, இருட்டுக்குள்ளிருந்து வளர்ந்த ஆளாக வரும் அந்த ஆற்றைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் வைத்தார்.

தில்லைநாதன் அங்கே இல்லை. ஊற்றுக்குப் போகும் பாதையில் கோப்பிக்கடை வைத்திருந்த ஓதில் என்ற கிழவி அவரை நன்றாக நினைவு வைத்திருந்தாள். முந்தாநாள்வரை நின்றார், சத்தம் சந்தடி இல்லாத மனிதர், தூண்டில்காரருக்கும் இடைஞ்சல் இல்லை என்றாள். நிருசன் ஃப்ரிபூர்க்கில் பள்ளிக்கூடம் படித்தவன். அவள் பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் சொன்னான். "பெரியப்பா, பொந்தார்லியேக்குக் கீழை ஆறு நிலத்துக்குள்ளை போய் இஞ்சை வெளிக்கிடுதாம். நூறு வருசத்துக்கு முந்தி அங்கை சாராய ஃபேக்டரி ஒண்டு எரிஞ்சு, சாராயத்தை ஆத்திலை விட, ரெண்டு நாளாலை இந்த ஊத்து மணத்ததாம். எங்களைப் பாத்துச் சிரிக்கிறா. சுவிசிலை சீஸிலைதானாம் ஓட்டை, இவையளுக்கு நிலத்திலையாம்."

"சிரிக்க என்ன இருக்கு? இனி எங்கை போவான் எண்டு கேள்."

கிழவி நிருசனின் மூடிய கையைப் பிடித்து, சொட்டிய நீரைத் தன் வெள்ளைக் கோப்பையில் விழவிட்டுப் பார்த்தாள். வழக்கமாக நிறமில்லாத அது அன்று காலையிலிருந்து வெளிர்த் தேயிலைச் சாயம்போல இருந்தது. ஃப்ரான் சதுப்பு நிலத்துத் தண்ணீர்தான் இந்த நிறம், என்றாள் அவள். காசு வாங்காமல் கோப்பையைக் கழுவி வைத்தாள்.

அதன் பிறகு கையின் தண்ணீர் சொன்ன இடமெல்லாம் அவர்கள் போனார்கள். மற்றவர்கள் படம் எடுக்கவும் காற்று வாங்கவும் சுற்றிய அந்த மாநிலத்தை, இந்த மூவரும் பயத்தோடு சுற்றினார்கள். ஃப்ரான் சதுப்பு நிலத்தில் பலகைப் பாதை போட்டிருந்தது. இரு பக்கமும் கறுத்த தண்ணீர், ஆளுயரத்துக்கு மேல் வளராத பைன் மரங்கள், பஞ்சு வைத்த புல். இலையில் ஒட்டிய பூச்சியை மெதுவாக மூடித் தின்னும் சின்னச் சிவப்புச் செடிகள். பாதை முடியும் இடத்தில் தில்லைநாதன் மார்பளவு சேற்று நீரில் நின்றார். தோல் பழைய செருப்புத் தோல்போல் பழுத்திருந்தது, கண்கள் மூடியிருந்தன, வாய் மட்டும் திறந்தது.

"அண்ணை, பொடியனைக் கையை விடச் சொல்லுங்கோ."

"நீதானடா அவனைப் பிடிச்சிருக்கிறாய்!" என்று கத்தினார் சிவானந்தராசா.

"நான் எங்கை பிடிச்சன்? எனக்குப் போற வழி தெரியேல்லை. எந்தப் பக்கம் போனாலும் திரும்பவும் மேலை வந்திடுறன். அவன்தான் விடுறானில்லை."

நிருசன் அழுதான். தான் விட்டுவிட்டதாகவும், விரல் தன் பேச்சைக் கேட்கவில்லை என்றும் சொன்னான். தகப்பன் மூடிய கண்ணோடு அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "சாப்பிட்டியோ அப்பன்?" என்று கேட்டுவிட்டு, கறுத்த நீருக்குள் மெல்ல இறங்கிப் போய்விட்டார். திரும்பி நடக்கும்போது பலகைகளின் அடியில் ஏதோ தங்களோடு கூடவே வருவதை மூவரும் உணர்ந்தார்கள். அன்று மாலை குளிர் நிருசனின் முழங்கையைத் தாண்டியது.

பிறகு தேவதாரு மரக்காடு. மாடு விழாமல் இருக்கக் கம்பி வேலி போட்ட குழிகள் அந்தக் காடு முழுவதும் உண்டு. கல்லைப் போட்டால் விழுந்த சத்தம் வராது. அவற்றில் ஒன்றுக்குள்ளிருந்து, வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் தில்லைநாதன் இருமும் இருமல் கேட்டது. மேலே வர அங்கே தண்ணீர் போதவில்லை. அதற்கடுத்த கிழமை எரிசோன் அருவி. பாறை படிபடியாக இறங்கும் அந்த இடத்தில், விசிறிபோல விரிந்து விழும் நீருக்குள் ஆள் வடிவம் நின்றது, ஆனால் முகம் கழுவப்பட்டுப் போயிருந்தது. ஞானேஸ்வரி சேலையோடு இறங்கிக் கையை நீட்டினாள். "இஞ்சை பாருங்கோப்பா, நான் வந்திருக்கிறன். என்ரை கையைப் பிடியுங்கோ, பிள்ளையை விடுங்கோ," என்றாள். தண்ணீர் அவளுடைய விரல்களுக்கூடாக ஓடிப் போயிற்று. முப்பது வருடம் கூட வாழ்ந்தவளின் கை அதற்குப் பிடிபடவில்லை. அந்த இடத்திலும் சிவானந்தராசா கரையில் சப்பாத்துக் கழற்றாமல்தான் நின்றார். ஒவ்வொரு கரையிலும் அவர் நின்ற விதம் அது.

முப்பத்தொன்றாம் நாள் பூம்ப்ளிஸ் மண்டபத்தில் நடந்தது. அதை ஒத்திப்போட்டால் ஏன் என்று கேட்பார்கள். நிருசனின் கையை வெள்ளைத் துவாயால் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டி, சால்வையால் மூடி உட்காரவைத்தார்கள். ஐயர் கிரியைகளை முடித்து, பந்தி வைத்து, கத்தரிக்காய்க் குழம்பு இரண்டாம் முறை வரும்போது குகதாசன் வாழையிலைக்கு மேலால் குரலை உயர்த்தினார்.

"சிவா அண்ணை, எந்த ஆத்திலை கரைச்சனீங்கள்? சொல்லவே இல்லை."

"பிரான்சிலை," என்றார் சிவானந்தராசா. முதுகு கம்பிபோல் நின்றது.

"ஓ! நல்ல ஆறோ?"

"கடலுக்குப் போற ஆறு."

அவர் அதைச் சொன்ன அதே நேரத்தில் பிளாஸ்டிக் பை கிழிந்தது. சேறும் பாசியும் மணக்கும் தண்ணீர் மேசைக்கடியால் ஓடி, குகதாசனின் சப்பாத்துக்கு வந்து, அங்கிருந்து பெண்கள் இருந்த பக்கம் போயிற்று. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்தார்கள். யாரோ ஒரு குழந்தை அதில் கையை வைத்து, "ஐஸ் தண்ணி!" என்றது. குகதாசன் கீழே பார்த்தார், நிருசனைப் பார்த்தார், பிறகு எதுவும் கேளாமல் இலையை மடித்தார். அவர் கேட்டிருந்தால் சிவானந்தராசா ஏதாவது பதில் சொல்லியிருப்பார். கேட்காமல் விட்டதுதான் அவரை அறைந்தது.

கை கழுவும் இடத்தில் ஐயர் அவரைத் தனியே பிடித்தார். "குளிர் எவ்வளவு தூரம் வந்திட்டுது?" என்று கேட்டார். தோள் என்றார் சிவானந்தராசா. ஐயர் தன் நனைந்த விரல்களை உதறினார். "நெஞ்சுக்கு வந்தால் பொடியன் இல்லை. கரைச்ச கை இன்னும் கரைச்சு முடியேல்லை, அவ்வளவுதான். அதே ரத்தத்திலை ஆராவது அந்தக் கையை மாறிப் பிடிக்கவேணும். எள்ளுந்தண்ணியும் இறைச்சு, பேர் சொல்லி, குனிஞ்சு வாங்கவேணும். ஆனால் மூத்தவர் இளையவருக்குச் செய்யிற வழக்கம் எங்களிட்டை இல்லை. நான் செய்யச் சொல்லேல்லை." அந்த ரத்தத்தில் உயிரோடு மிச்சமிருந்தவர்கள் இரண்டு பேர்தான், அவர்களில் ஒருவன் துவாயால் கையைச் சுற்றிக்கொண்டு மண்டபத்தில் நடுங்கிக்கொண்டிருந்தான். சிவானந்தராசா கேட்காதவர்போல் துடைக்கும் தாளை இழுத்துக் கையைத் துடைத்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் அவர் ஞானேஸ்வரிக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. தகப்பனுக்கும் பாட்டனுக்கும் முன்னால் தவிர அவர் யாருக்கும் குனிந்தவரில்லை. முதியோர் இல்லத்தில் தரையில் விழுந்த கரண்டியைக்கூட முழங்காலை மடித்துத்தான் எடுப்பார். இளையவனுக்கு எள் இறைத்த மூத்தவன் என்று ஊரில் ஒரு குடும்பத்தைச் சொல்வார்கள். அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு யாரும் சபையில் முன்வரிசையில் இருக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஞானேஸ்வரி தொலைபேசி எடுத்தாள். வணக்கமும் சொல்லவில்லை, அத்தான் என்றும் கூப்பிடவில்லை. "நெஞ்சு எலும்புக்குக் கிட்ட வந்திட்டுது. தண்ணி இப்ப விட்டு விட்டு வருது. மூச்சு விடுற மாதிரி. நான் இவனைக் கொண்டு போறன். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ, வராட்டியும் பரவாயில்லை," என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த வீட்டில் யாரும் அவரோடு அப்படிக் கதைத்ததில்லை. அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, சமையலறை அலமாரியிலிருந்து எள்ளுப் போத்தலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கீழே இறங்கி வாசலில் காத்திருந்தார்.

பொந்தார்லியேக்குத் தெற்கே, ரயில் பாதையோரம் ஒரு புல்வெளியில், மூச்சு விடும் ஊற்று ஒன்று இருக்கிறது. கையின் தண்ணீர் இந்த முறை சொன்ன இடம் அது. வட்டமான சின்னப் பள்ளம். தண்ணீர் தானாக ஏறும், குமிழியிடும், நிறையும். பிறகு யாரோ கீழே உறிஞ்சுவதுபோல் இறங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறும். அந்த நாட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டும் இடம். அன்று யாரும் இல்லை. காலைப் பனி புல்லோடு படுத்துக் கிடந்தது. நிருசனைப் போர்வையோடு தூக்கிக் கரையில் கிடத்தினார்கள். உதடு நீலம். ஊற்று ஏறும்போது அவன் நெஞ்சு ஏறியது. ஊற்று இறங்கும்போது இறங்கியது. இறங்கிய பிறகு அடுத்தமுறை ஏற எடுத்த நேரம் நீண்டுகொண்டே போவதைச் சிவானந்தராசா கவனித்தார். அவருடைய வாழ்நாளில் அவர் அறிந்த பயங்கள் எல்லாம், கடலில் வந்த பயம், அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட பயம், சபையில் தலைகுனிய நேரும் என்ற பயம் எல்லாம், அந்தக் காத்திருப்புக்கு முன்னால் சின்னப்பிள்ளை விளையாட்டாக இருந்தன.

அவர் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். கோட்டைக் கழற்றி மடித்து ஞானேஸ்வரியிடம் கொடுத்தார். ஊற்றின் விளிம்பில் முழந்தாளிட்டு, முதுகை வளைத்தார். எலும்புகள் முறியும் சுள்ளிபோல் ஒலித்தன. எள்ளை அள்ளித் தண்ணீரில் விட்டு, கோத்திரம் சொல்லி, தகப்பன் பெயர் சொல்லி, தம்பியின் பெயர் சொன்னார். நிருசனின் மூடிய கையை இழுத்து நீருக்குள் வைத்தார். தண்ணீர் ஏறியது. அடியிலிருந்து முகமில்லாத ஒன்று மேலே வந்தது.

"ஆர், அண்ணையோ?"

"ஓம். நான்தான். கையைத் தா."

தண்ணீர் அப்படியே நின்றது. "நீங்கள் எனக்குக் குனியக்கூடாது அண்ணை. நான் இளையவன். சனம் என்ன சொல்லும்?"

"தெரியும். தா."

"உங்கட மரியாதை…"

"விசரா, கதைக்காமல் தா! பொடியன் சாகப்போறான்!"

யோசிக்க நேரம் இருந்திருந்தால் அவர் இடக்கையை நீட்டியிருப்பார். அவசரத்தில் நீட்டியது வலக்கை, சாப்பிடுகிற கை, ஆசீர்வதிக்கிற கை. ஏதோ அதற்குள் வந்து பொருந்தியது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு வீதி கடக்கும்போது தம்பியைப் பிடித்த அதே அளவுக் கை. அவர் விரல்கள் மூடிக்கொண்டன. ஊற்று ஒருமுறை பெரிதாகக் குமிழியிட்டு இறங்கியது. நிருசன் இருமினான், கண் திறந்தான், அவனுடைய கை, தொட்டாச்சிணுங்கி இலை விரிவதுபோல, மெதுவாக விரிந்தது. உள்ளங்கை காய்ந்திருந்தது. "அம்மா, பசிக்குது," என்றான். ஞானேஸ்வரி மைத்துனரின் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தன் கணவர் இறந்த பிறகு முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

சிவானந்தராசாவின் முதுகு பிறகு நிமிரவில்லை. குனிந்த கோணத்திலேயே நின்றுவிட்டது. வைத்தியர்கள் வயது என்றார்கள். வலக்கை மூடியபடி இருக்கிறது, தண்ணீர் சொட்டுகிறது. குளிர் மணிக்கட்டு வரை ஏறி நின்றுவிட்டது. ஏன் அதற்கு மேல் ஏறவில்லை என்பது ஐயருக்கும் தெரியாது. முதல் வருடம் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இடக்கையால் கரண்டி பிடித்துச் சோறு சாப்பிடுவதைப் பார்க்க யாரையும் விடவில்லை. இரவில் தனியே இருக்கும்போது மூடிய கைக்குள் இருமல் கேட்கும். அப்போதெல்லாம் அவர் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, விடியும்வரை இருப்பார். இரண்டாம் வருடம் விளக்கைப் போடவில்லை. கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தூங்கினார். நிருசன் திரும்பவும் லிஃப்ட் வேலைக்குப் போனான். ஒரு நல்ல பிள்ளையைக் கட்டினான். சொட்டும் நீரைப் பிடிக்க வாளி ஒன்றைப் பெரியப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைப்பது அந்த வீட்டில் செருப்பைக் கழற்றி வைப்பதுபோல ஒரு பழக்கமாயிற்று. மூன்றாம் வருடத்திலிருந்து அந்தப் பக்கம் சுற்றுலா போகும் தமிழ்க் குடும்பங்கள் புறப்படுமுன் அவருக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கின. முதலில் எடுத்தவர் யோகராஜா. சிவானந்தராசா கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லுவார்: அருவி நிறைய விழுகுது, போகலாம், சதுப்புப் பக்கம் பனி இறங்கியிருக்கு, பிள்ளையளுக்குக் கோட்டு எடுங்கோ, பனி உருகி லூ ஊத்து கலங்கியிருக்கு, அடுத்த கிழமை பாக்கலாம். அவர் சொன்னது ஒருமுறையும் பிழைத்ததில்லை.

போன புரட்டாதியில் குகதாசன் தன் வீட்டு விசேஷத்துக்கு அவரை நேரில் வந்து அழைத்தார். அவர் போனார். முன்வரிசையில் இருத்தினார்கள். தரையில் நீர் ஓடியது. ஆட்கள் பேச்சை விடாமல் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு குகதாசன் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, மூடிய கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. இவ்வளவு காலமாச்சு. நல்ல பெரிய ஆறாப் பாத்து, கையை விட்டால் என்ன? தில்லை தன்ரை பாட்டிலை கடலுக்குப் போயிடுவான்தானே?"

சிவானந்தராசா வளைந்த முதுகோடு கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"அவனுக்கு நீந்தத் தெரியாது," என்றார்.

குகதாசன் கொஞ்சம் யோசித்தார். அதுவும் சரிதான் என்று தலையாட்டினார். பிறகு எழுந்து, கேக் மேசைக்குப் போய், ஒரு வெற்றுக் கிண்ணம் கொண்டுவந்து, நீர் சொட்டும் இடத்தில் வைத்தார்.